கூனிப்பாறைக்கு மஞ்சள்

கிழக்குத் தாம்பரம்
10-4-1988

திரு. துளசிங்கம் அவர்களுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நேற்று இரண்டாம் சனிக்கிழமை. போன மாதம் பரீட்சைத் தாள்கள் கழுத்தை நெரித்தன. பிறகு பெரிய வெள்ளி, ஈஸ்டர் என்று சர்ச் வேலை. இவ்வளவு நாள் மலைப்பக்கம் வராமல் இருந்ததே இல்லை என்பதால் விடியற்காலை முதல் வண்டியைப் பிடித்து வண்டலூரில் இறங்கி, ஏரிக்கரை வழியாகக் குருவிமலை ஏறினேன். காரைச் செடிகள் காய்த்திருந்தன. புள்ளிமான் ஒன்று குட்டியோடு குறுக்கே போனது. உங்களையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு என்னை நானே உதைத்துக்கொள்ள வேண்டும்.

மேலே போய்ப் பார்த்தால் கூனிப்பாறைக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்கிறது. முகம் முழுக்க மஞ்சள். அதற்கு மேல் இரண்டு தகரக் கண்கள். பக்கத்தில் சூலம், அதில் குத்திய எலுமிச்சம்பழங்கள். பாறையின் வயிற்றுக்கடியில் கோடையிலும் வற்றாமல் நிற்குமே தண்ணீர், அதில் எண்ணெய் மிதக்கிறது. முள்ளம்பன்றி குடியிருந்த பொந்தில் கற்பூரக் கரி. வழக்கம்போல ஏறி உட்காரப் போனேன். கற்பூரம் விற்கிற கிளியம்மாள் என்கிற அம்மாள் என்னைத் தடுத்தாள்.

“அம்மா மேலல்லாம் ஏறக்கூடாது சார். கீயவே நின்னு கும்புட்டுப் போ.”

யார் இதைச் செய்தது என்று கேட்டேன். உங்கள் பெயரைச் சொன்னாள். நம்பாமல் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் இல்லை. உங்கள் வீட்டம்மா கங்கையம்மாள், “அவருதான் சார் பங்குனி உத்தரத்தன்னிக்கு பண்ணாரு, ஊரே கும்புடுது” என்று பூரித்துப்போய்ச் சொன்னார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், போட்ட இலையில் உட்காராமல் வந்துவிட்டேன்.

பூகோளம் நடத்துகிற என் வாயால் எத்தனை முறை உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், மனிதனே இல்லாத காலத்துக் கல் அது என்று. நாம் இருவரும் சேர்ந்துதான் இந்த மலையின் ஒவ்வொரு பாறைக்கும் பெயர் வைத்தோம். யானைமுதுகு, இரட்டைப்புறா, கூனி. இன்றைக்கு அவள் பச்சையம்மனாம். பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை. இளவட்டத்தில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கோவில் வாசலிலேயே சாமியைக் கேலி பேசியவர் நீங்கள். உங்களுக்கு எதற்கு இந்த வியாபாரம்? மனை போட்டு விற்றது போதாமல் இப்போது உண்டியல் வைக்கப்போகிறீர்களா?

இனி உங்கள் வாசலை மிதிக்கமாட்டேன்.

எட்மண்ட்


குருவிமேடு, வண்டலூர் வழி
15-4-1988

எட்மண்ட் சாருக்கு, கருங்காலி துளசிங்கம் எழுதிக்கொள்வது.

கருங்காலி என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எழுத்துக்கு எழுத்து அதுதான் இருக்கிறது. உண்டியல் என்று எழுதினீர்களே, அந்த வரியை மட்டும் கங்கையம்மாளுக்குப் படித்துக் காட்டவில்லை. அவள் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறாள். “ஏரி மீனு வாங்கி கொயம்பு வெச்சி எல போட்டேன், ஒரு வாய் துன்னாம பூட்டாரு. நான் இன்னா பாவம் பண்ணேன்?” என்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

இப்போது நான் கேட்கிறேன். பொங்கல் மலரில் நம் பாறையைப் பற்றிக் கட்டுரை எழுதினீர்கள். புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தீர்கள். நானும் பெருமையாக முடிவெட்டுகிற கடை வரைக்கும் எடுத்துப்போய்க் காட்டினேன். பத்து நாள் கழித்து என் வீட்டு வாசலில் வெள்ளை அம்பாசிடர் வந்து நின்றது. இறங்கியவர் சிட்டிபாபு. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஜல்லி கிரஷர் வைத்திருக்கிறாரே, அவர்தான். சட்டைப்பையில் உங்கள் கட்டுரை, நான்காக மடித்து.

“சார் எய்திகீறாரு பாருங்க. விரிசலே இல்லாத ஒரே கல்லாம். தட்டுனா மணி மாறி கேக்குதாம். ஏரிக்கரை வரைக்கும் வண்டி போவுமாம். இதுக்கு மேல ஒரு கல்லுக்கு இன்னா வோணும்?”

கேட்டுக்கொண்டு நின்றேன் சார். வனத்துறை எல்லை கூனிப்பாறைக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பாறை நிற்பது புறம்போக்கு. குத்தகைக்கு மனு போட்டுவிட்டார். அனுமதி வருவதற்கு முன்பே, பார்த்துவைக்கிறோம் என்று சொல்லி, கம்ப்ரசரும் ஆட்களுமாக வந்து, எங்கெங்கே குழி போடுவது என்று கூனி முதுகில் சாக்பீஸால் வட்டம் வட்டமாகப் போட்டார்கள். நான் எழுதிப்போட்ட மனுவுக்கெல்லாம் பதிலே இல்லை. ஊரில் பாதிப்பேர், ரோடு வரும், வேலை வரும் என்று அவர் பக்கம்.

வேறு வழி தெரியாமல் பங்குனி உத்தரத்தன்று ஒரு பொட்டலம் மஞ்சளோடு தனியாக ஏறினேன். யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பூசினேன். சாமிக்குப் பயந்து இல்லை, ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்குமே என்ற வெட்கத்தில். மறுநாள் ஆட்கள் வந்தார்கள். மேஸ்திரி சின்னப்பன் பாறையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டான். சிட்டிபாபு கத்திப் பார்த்தார். அவன், “மஞ்ச பூசுன கல்லு மேல மிசின் வெக்கமாட்டேன் மொதலாளி. எனக்கும் புள்ளகுட்டி கீது” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

உங்களிடம் முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்பீர்கள். சொல்லியிருந்தால் அதையும் கட்டுரையாக எழுதியிருப்பீர்கள்.

எனக்கு இதில் சுயநலம் இல்லை என்று சொல்லவில்லை. மலையடிவாரத்தில்தான் என் வீடும் கிணறும். வேட்டு வைத்தால் கல் என் ஓட்டின் மேல்தான் விழும், ஊற்றும் போய்விடும். நீங்கள் மாதம் ஒருநாள் தண்ணீர் பாட்டிலோடு வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். நாங்கள் அதன் கீழே படுத்துத் தூங்குகிறவர்கள்.

மே 18, புதன்கிழமை செங்கல்பட்டில் ஆர்.டி.ஓ. விசாரணை. கோவில் போன மாதம்தான் முளைத்தது என்று சிட்டிபாபு சொல்லப்போகிறார். பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறது என்று நாங்கள் சொல்லப்போகிறோம். ஊர்க்காரன் பேச்சை நம்பமாட்டார்கள். நீங்கள் வெளியாள், வாத்தியார், அதிலும் கிறிஸ்தவர். நீங்கள் வந்து, ஆரம்பத்திலிருந்தே அங்கே பூசை நடப்பதைப் பார்த்திருக்கிறேன் என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும்.

மாட்டிவிட்டது நீங்கள். இந்த ஒரு வரியாவது கொடுங்கள்.

துளசிங்கம்


கிழக்குத் தாம்பரம்
24-4-1988

துளசிங்கம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் கட்டுரையை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. இப்போது அதுதான் வினையாகிவிட்டது. ஒரு மனிதன் ஆசைப்பட்டு ஒரு கல்லை வர்ணித்தால், அதை அப்படியே விலைப்பட்டியல் மாதிரி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதா? இவன்களுக்கு எதைப் பார்த்தாலும் ஜல்லிதானா? பல்லாவரம் மலையைத் தினமும் ரயிலிலிருந்து பார்க்கிறோம். பாதியைத் தின்றுவிட்டு மீதியை வைத்திருக்கிறார்கள். அது பத்தாதென்று வண்டலூருக்கு வருகிறார்களா?

கடிதத்தை ஞானஜோதிக்குப் படித்துக் காட்டினேன். “கல்லு அழகா இருக்குன்னு எழுதிட்டு நிறுத்த வேண்டியதுதானே. லாரி போற பாதையெல்லாம் உங்களை யார் கேட்டாங்க?” என்றாள். வயதானவர்களும் ஏரிக்கரை வரை வண்டியில் வந்து பார்க்கலாமே என்ற நல்ல எண்ணத்தில் எழுதியது. வீட்டுக்குள்ளேயும் எனக்குச் சாதகமாக ஆள் இல்லை.

சாக்பீஸ் வட்டம் என்று படித்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் பூசியதற்கு உங்களைத் திட்டியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்தத் தகரக் கண்களுக்கான திட்டு அப்படியே இருக்கட்டும்.

ஆனால் பொய்ச்சாட்சி சொல்லமாட்டேன். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளைகளை ஒப்பிக்கக் கற்றுக்கொடுக்கிறவன் நான். சர்ச் கமிட்டிக்குச் செயலாளர். உங்களுக்கே இல்லாத சாமிக்கு என்னை வந்து சத்தியம் பண்ணச் சொல்கிறீர்கள். உங்களுக்கு வெட்கமாக இல்லையா? வனத்துறைக்கும் பத்திரிகைக்கும் எழுதியிருக்கிறேன். நிலவியல் படித்தவர்களுக்கும் எழுதியிருக்கிறேன். இது பாதுகாக்க வேண்டிய இயற்கைச் சின்னம் என்று அவர்கள் வந்து சொல்வார்கள். நேர்வழியிலேயே ஜெயிப்போம்.

என்னை அங்கே நிறுத்தினால் உள்ளதைத்தான் சொல்வேன். அது ஒத்துவராது என்றால் என் பெயரைக் கொடுக்காதீர்கள்.

எட்மண்ட்


(தபால் கார்டு)
குருவிமேடு
2-5-1988

சாருக்கு,

பெயரைக் கொடுத்தாகிவிட்டது. நீங்கள் எழுதிப்போட்ட பெரிய மனிதர்கள் யாரும் இதுவரை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நேர்வழியில் சிட்டிபாபுவின் லாரிதான் வந்திருக்கிறது, ஏரிக்கரையில் நிற்கிறது. வர விருப்பமில்லை என்றால் அவருக்கு ஒரு வாழ்த்துக் கடிதம் எழுதிப் போடுங்கள். விலாசம் வேண்டுமானால் அனுப்புகிறேன்.

துளசிங்கம்


குருவிமேடு
19-5-1988

எட்மண்ட் என்பவருக்கு,

சார் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

நேற்று உங்களைக் காலையில் பார்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? வெள்ளைச் சட்டை, குடை, கையில் பைபிள். வந்துவிட்டாரே, மனுஷன் மனுஷன்தான் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னேன். என்னை முதலில் விசாரித்து அனுப்பிவிட்டார்கள். பிறகு உங்களைக் கூப்பிட்டார்கள். வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வெளியே வந்தவர் சிட்டிபாபுவின் வக்கீல் ராஜாராமன். வந்ததும் வராததுமாக, ஊர் கேட்கும்படி, “உங்க வாத்தியாரே கோவில் கிடையாதுன்னு ஒத்துக்கிட்டாரு, போங்க” என்றார். சிட்டிபாபு அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அதன் பிறகு நீங்கள் வந்தீர்கள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தீர்கள். நான் கூப்பிட்டேன். ரோடு முழுக்கத் திரும்பிப் பார்த்தது, நீங்கள் மட்டும் திரும்பவில்லை.

பொய் சொல்வது உங்களுக்குப் பாவம். சரி. வாயை மூடிக்கொண்டு இருப்பதும் பாவமா? ஞாபகம் இல்லை என்று சொல்லக்கூடாதா? உங்கள் சொர்க்கத்துக்கு நீங்கள் சுத்தமாகப் போய்ச் சேர வேண்டும், அதற்காக எங்கள் தலையில் கல் விழலாம், அப்படித்தானே? நானாவது கும்பிடாத சாமிக்கு மஞ்சள் பூசி ஊர்ச் சிரிப்பை வாங்கிக்கொண்டேன். நீங்கள் உங்கள் சட்டையில் ஒரு துளி ஒட்டாமல் பார்த்துக்கொண்டீர்கள்.

கங்கையம்மாள் மட்டும் நேற்றும் மேலே போய் விளக்கு வைத்துவிட்டு வந்தாள். நான் வேஷத்துக்குச் செய்ததை அவள் நிஜமாகவே கும்பிட ஆரம்பித்துவிட்டாள். வேட்டு வைக்கிற அன்றைக்கு அவளை எங்கே அனுப்பிவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இதற்குப் பதில் போட வேண்டாம்.

துளசிங்கம்


கிழக்குத் தாம்பரம்
21-5-1988

துளசிங்கம்,

பதில் போடாதீர்கள் என்றால் போடாமல் இருக்கிற ஆள் நான் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். கோபப்பட உங்களுக்கு மட்டும்தான் உரிமையா? விசாரித்துவிட்டுத் திட்டியிருக்கக்கூடாதா? அந்த வக்கீல் பாதியைத்தான் வெளியே வந்து சொல்லியிருக்கிறார். மீதியைச் சொன்னால் அவருக்குக் கூலி கிடைக்காது.

நடந்ததைச் சொல்கிறேன். ராஜாராமன்தான் முதலில் கேட்டார். நீங்கள் முதன்முதலில் போனபோது அங்கே கோவில் இருந்ததா என்றார். இல்லை என்றேன். சூலம், மஞ்சள்? இல்லை. எப்போது வந்தது? இந்தப் பங்குனியில் என்றேன். உள்ளதைச் சொல்வேன் என்று உங்களுக்கு எழுதியிருந்தேன், அதைத்தான் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

ஆர்.டி.ஓ. சின்ன வயதுக்காரர். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “அப்ப இதுக்கு முன்னாடி அந்தக் கல்லை யாரும் கும்பிட்டதில்லைன்னு எழுதிக்கலாமா சார்?” என்றார்.

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன் துளசிங்கம். அந்த நேரத்தில்தான் அது பொய் என்று எனக்குத் தெரிந்தது.

“எழுதாதீங்க. ஒருத்தர் மாசா மாசம் கும்பிட்டுட்டுப் போயிருக்கார்.”

யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

யாரோ சிரித்தார்கள். ராஜாராமன் துள்ளி எழுந்தார். “நீங்க கிறிஸ்டியன் ஆச்சே சார்?”

“ஆமா. அதனாலதான் பொய் சொல்ல வரலை” என்றேன்.

கற்பூரம் ஏற்றினீர்களா, பூ வைத்தீர்களா என்று ஆர்.டி.ஓ. கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அதெல்லாம் இல்லை என்றேன். பிறகு, யாரும் கேட்காமலே, எங்கள் மெட்டில்டாவைப் பற்றிச் சொன்னேன். ஒன்பது வயது மகளை மூளைக்காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு வருடம் முழுக்க என்னால் சர்ச்சில் முழங்கால் போட முடியவில்லை. எல்லோரும் போடும்போது நானும் போட்டேன், உள்ளே ஒன்றும் ஓடாது. அந்த வருடம் நான் உண்மையாக முழங்கால் போட்டது கூனிப்பாறைக்கடியில், அந்தத் தண்ணீர் ஓரத்தில்தான். நீங்கள் உசில் மரத்துப் பக்கம் தள்ளிப்போய் நின்றுகொள்வீர்கள். என்ன செய்கிறேன் என்று இன்றுவரை கேட்டதில்லை. நாலாயிரம் கல் இருக்கிற மலையில் அந்த ஒரு கல்லுக்கடியில் எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்த பிறகுதான் ஜெபம் வந்தது. இதைக் கும்பிடுவது என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது என்று கேட்டேன்.

ஆர்.டி.ஓ. குமாஸ்தாவைப் பார்த்து, சொன்னதை அப்படியே எழுதுங்கள் என்றார். வரும் வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகவும், அதுவரை மலையில் மெஷினோ வேட்டோ கூடாது என்றும் உத்தரவு போட்டிருக்கிறார். கிராம அதிகாரி மூலமாக உங்களுக்கு வரும். இதை அந்த வக்கீல் சொன்னாரா? ஏரிக்கரையில் நிற்கிற லாரியை முதலில் எடுக்கச் சொல்லுங்கள்.

வெளியே வரும்போது அழுதுகொண்டு வந்தேன். குடையை அதற்குத்தான் விரித்தேன். நடு ரோட்டில் நிறுத்தி, என்ன சார் ஆச்சு என்று நீங்கள் கேட்டிருந்தால் உடைந்துபோயிருப்பேன்.

வியாழக்கிழமை வருகிறேன். அதிகாரியை உங்கள் ஓடைப்பாதையில் கூட்டிவாருங்கள், லாரி போகிற ஏரிக்கரைப் பாதை வேண்டாம். உங்கள் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொன்னதில் இப்போதைக்கு மாற்றமில்லை. என்னை அப்படித் திட்டிவிட்டு உடனே வரவேற்க உங்களுக்கும் கஷ்டமாக இருக்கும். மலையில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று அதிகாரிக்கு நான் சொல்கிறேன். கங்கையம்மாளும் வந்து நிற்கட்டும். நம் இருவரையும்விட அவர்கள் சாட்சி சுத்தமானது.

என் பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். வாக்குமூலத்தை எழுதிய குமாஸ்தா லாசரஸ் எங்கள் சர்ச் ஆள். நான் தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்குவதற்கு முன்பே விஷயம் இங்கே வந்து சேர்ந்திருந்தது. செயலாளர் கல்லைக் கும்பிட்டேன் என்று கவர்மெண்ட் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று பேச்சு. நாளை ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுகிறது. பாறைக்கடியில் முழங்கால் போட்டதை இத்தனை வருடமாக ஞானஜோதிக்கே நான் சொன்னதில்லை. விசாரணை அன்று ராத்திரி சொன்னேன். கமிட்டி கூடுற அன்னைக்கு நானும் உள்ளே வந்து உங்க பக்கத்துல உட்காருவேன், யார் தடுக்கறாங்கன்னு பார்க்கறேன் என்றாள்.

கும்பிட்டது கல்லையா கர்த்தரையா என்று கேட்பார்கள். ஆர்.டி.ஓ. நல்லவேளையாக அதைக் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது என்றுதான் சொல்லப்போகிறேன். அதற்காக நீக்குவதென்றால் நீக்கிக்கொள்ளட்டும்.

எட்மண்ட்